மாட்டை எடுக்கத் திகதி உண்டு, விட இடம் எங்கே?

கேள்வி: டொக்டர், எங்களுக்குத் திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கம். அப்பா காலத்துப் பட்டி, இப்போது 70 மாடு வரை நிற்கிறது. பெரும்போகம் விதைக்கிற நேரம் மாட்டைக் காட்டோரம் கொண்டுபோய் விடுவோம். அறுவடை முடிந்ததும் திரும்ப வயலுக்குக் கொண்டுவருவோம். போன முறை அதிகாரிகள் வந்து, இது யானை நடமாடும் இடம், இனி மாடு கண்டால் வழக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் பாலைவனத்து அரச காணியில் மாடு மேய்க்க அரசாங்கமே பெர்மிட் கொடுக்கிறதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அங்கேயும் பாதுகாக்கப்பட்ட ஆமை இருக்கிறதாம். புல்லே இல்லாத பாலைவனத்தில் விடலாம் என்றால் எங்கள் காட்டில் ஏன் விடக்கூடாது? நாங்கள் என்னத்தைக் கேட்க வேண்டும்? காட்டோரம் உப்புக்கட்டி வைப்பது, தண்ணீருக்குக் குழி வெட்டுவது, கன்றைச் சிறுத்தை தூக்குவது பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, வீடியோவில் நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அவர்கள் காட்டாமல் விட்டதுதான் உங்களுக்கு உதவும் பகுதி. அதனால் முதலில் அந்தப் பாலைவனத்துக்கே போய்விட்டு வருவோம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நில முகாமைத்துவப் பணியகம் என்ற அரச நிறுவனம் சுமார் 15 கோடி 50 இலட்சம் ஏக்கர் பொதுக்காணியை மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறது. இலங்கை முழுவதையும் ஒன்பது தடவை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். 1934க்கு முன்பு அங்கே முந்தியவருக்குத்தான் புல். யாருடைய மாடு முதலில் போய்ச் சேர்கிறதோ அது தின்னும், பின்னால் வந்தவருக்குப் புழுதி. புல் வேர் போய், மண் கிளம்பிக் காற்றில் பறக்கத் தொடங்கிய பிறகுதான் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. பெர்மிட் முறை அதோடு ஆரம்பம்.

அந்தப் பெர்மிட்டில் என்ன எழுதியிருக்கும் என்று பாருங்கள். எந்தத் துண்டுக் காணி, எத்தனை மாடு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை. இவற்றோடு புல்லில் எவ்வளவு மிச்சம் விட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதத்துக்குத் தின்னும் தீனிதான் அவர்களுடைய அளவுகோல். ஆடென்றால் ஐந்துக்கு அதே கணக்கு. அந்த ஒரு மாதத் தீனிக்கு 2019 முதல் 2025 வரை அவர்கள் வாங்கிய கட்டணம் வெறும் 1.35 டொலர். அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று 1986இல் வைத்த அடிவரம்பு அது. இவ்வளவு மலிவாகக் கொடுக்கலாமா என்று அங்கேயே சண்டை நடக்கிறது. அது இருக்கட்டும்.

பெர்மிட் பொதுவாக 10 வருஷத்துக்கு. ஆனால் அதை வைத்திருப்பதால் காணியில் எந்த உரிமையும் பிறக்காது என்று 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புல்லைத் தின்னலாம், காணி அரசாங்கத்துடையது. நீங்கள் யாருடனும் பேசப் போகும்போது இந்த ஒரு வரி மிகவும் உதவும், பிறகு சொல்கிறேன்.

சரி, ஆமைக்கு வருவோம். மொஹாவி பாலைவனத்து ஆமையை 1990இல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாகச் சட்டப்படி அறிவித்தார்கள். வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளை தோண்டிக் கழிக்கிற பிராணி. குளிர்கால மழைக்குப் பிறகு வசந்தத்தில் சில வாரங்கள் முளைக்கும் சின்னப் பூச்செடிகளைத் தின்றுதான் வருஷத்துக்கான சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தண்ணீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து வைக்கும். பயந்துவிட்டால் அதைக் கொட்டிவிடும். கோடையில் அப்படிக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கையால் தூக்காதே என்று அங்கே பலகை போட்டிருக்கிறார்கள். குட்டி பருவத்துக்கு வர பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகும்.

அதே வசந்தத்தில், அதே பூச்செடிக்குத்தான் மாடும் வாய் வைக்கிறது. பூச்செடி முடிந்தால் மாட்டை வேறு இடத்துக்கு ஓட்டலாம், வைக்கோல் போடலாம். ஆமைக்கு அந்த வழி இல்லை. மாடு வளையை மிதித்து இடிக்கிறது, புதிதாக வந்த வெளிநாட்டுப் புல்லின் விதையும் பரவுகிறது. அந்தப் புல் காய்ந்தால் தீ. தீக்குப் பழக்கமில்லாத பாலைவனச் செடிகள் ஒரு தடவை எரிந்தால் லேசில் திரும்பி வராது. இதனால் பல இடங்களில் வசந்த மாதங்களில் மாடு விடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. சில இடங்களில் மேய்ச்சலையே நிறுத்தினார்கள். ஆகவே "பாலைவனத்தில் விடுகிறார்கள், ஆமை இருந்தும் விடுகிறார்கள்" என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் கொஞ்சம் வாசித்த ஒருவர் இருந்தால் உங்களையே மடக்கிவிடுவார்.

நீங்கள் பார்த்த வீடியோவில் துவக்கோடு ஆட்கள் நின்றிருந்தால் அது நெவாடா மாநிலத்து கிளைவன் பண்டி விவகாரமாக இருக்கும். ஆமைக்காக மாட்டைக் குறை என்றதும் 1993இல் கட்டணம் கட்டுவதை நிறுத்தியவர் அவர். 1998இல் மாட்டை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014 ஏப்ரலில் மாட்டைப் பிடிக்கப் போன அரசாங்கம் ஆயுதம் தாங்கிய ஆதரவாளர்களைக் கண்டு பின்வாங்கியது. நிலுவை பத்து இலட்சம் டொலருக்கு மேல். கடைசியில் 2018இல், அரச தரப்பு சாட்சியங்களை மறைத்தது என்று அவர் மீதான வழக்கே தள்ளுபடி. இளைஞர்கள் சிலருக்கு அவர் வீரர். எனக்கு அந்தக் கதையில் தெரிவது வேறு: அந்தப் பக்கத்திலேயே கட்டணம் கட்டி, மாட்டைக் குறைத்து, ஒழுங்காக நடந்த பண்ணையாளர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாட்டை முழுதாக வெளியேற்றினால் காடு தானாகச் சரியாகிவிடும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இந்தியாவில் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பிறகு என்ன நடந்தது? எருமை தின்று அடக்கி வைத்திருந்த புல் தண்ணீரை மூடிக்கொண்டு வளர்ந்து, நீர்ப்பறவைக்கு இடமில்லாமல் செய்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்டகால ஆய்வே எருமை அங்கே பயன் செய்துகொண்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தது. மழை 100 மில்லிமீற்றர் விழும் லாஸ் வேகாஸ் பக்கத்துக்கு ஒரு நியாயம், ஈரநிலமான பரத்பூருக்கு ஒரு நியாயம். ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் விழும் திருகோணமலைக்கு எங்கள் நியாயத்தை நாங்களே பார்க்க வேண்டும்.

இனி உங்கள் விஷயம்.

முதலில் அந்தக் காட்டோரம் யாருடைய கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே பற்றைக்காடுதான். சட்டத்தில் அப்படியில்லை. வன இலாகாவின் ஒதுக்கக் காடென்றால் மாடு மேய்ப்பது வனச் சட்டத்தின்படி குற்றம். சோமாவதிய போன்ற தேசிய பூங்கா எல்லைக்குள் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வனஜீவராசிகள் சட்டம் அங்கே மிகவும் இறுக்கம். சரணாலயம் என்றால் கொஞ்சம் தளர்வு உண்டு, அதற்குள் தனியார் காணிகூட இருக்கலாம். இவை எதுவுமில்லாத வெறும் அரச காணி என்றால் பிரதேச செயலாளரோடு கதைக்கலாம். வெருகல், சேருவில, ஈச்சிலம்பற்றுப் பக்கம் இந்த எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து கிடக்கின்றன. கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போய், மாடு நிற்கும் இடங்களைப் போனில் புள்ளி குறித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து மாட்டுக்காரரின் மனு செய்யாத வேலையை இந்தப் படம் செய்யும்.

அப்புறம் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். எல்லாப் போகத்துக்கும் முன்னால் நடக்கிறது. தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது முடிப்பது, வயலிலிருந்து மாட்டை எப்போது வெளியேற்றுவது என்றெல்லாம் அங்கே திகதி போடுகிறார்கள். அந்தத் திகதிக்குப் பிறகு மாடு வயலில் நின்றால் தண்டம். நியாயம்தான், நெல்லும் ஒருவருடைய சோறு. ஆனால் வெளியேற்றிய மாடு எங்கே போக வேண்டும் என்று அந்தக் கூட்டக் குறிப்பில் எங்காவது ஒரு வரி இருக்கிறதா? நான் மாவட்டத்தில் வேலை செய்த காலத்தில் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலும் இல்லை. வயல் கதவைச் சாத்துகிறவர்கள் காட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது என்பதை அன்றைக்கு நினைப்பதில்லை. நடுவில் நிற்பது உங்கள் 70 மாடு.

நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். அமெரிக்கக்காரன் ஒரு தாளில் இடம், எண்ணிக்கை, திகதி, மிச்சம் நான்கையும் எழுதுகிறான். எங்களிடம் திகதி மட்டும் இருக்கிறது. மற்ற மூன்றையும் அதே கூட்டத்தில், அதே குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், பண்ணையாளர் சங்கமாகப் போங்கள். "காட்டைத் தாருங்கள்" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள். "இன்ன துண்டில், இன்ன மாதங்களுக்கு, இத்தனை மாடு, காணியில் எங்களுக்கு உரிமை வேண்டாம்" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் குறைந்தது பேனாவையாவது எடுப்பார். காணி பிடிக்கத்தான் பட்டி போடுகிறார்கள் என்ற சந்தேகம் எங்கள் மாகாணத்தில் எல்லாப் பக்கமும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியது ஏன்? பரம்பரையாக மேய்ந்த தரையில் பிறர் பயிர் செய்ய வந்ததால். மேய்ச்சல் தரை தாளில் இல்லாவிட்டால் யானைக்கும் அது உங்கள் இடமில்லை, மனிதருக்கும் இல்லை.

எண்ணிக்கையை எப்படிச் சொல்வது? இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் யாரும் இதைச் செய்வதில்லை. மாடு விடும் துண்டில் மூன்று நான்கு இடத்தில், பொறுப்பான அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஒரு மீற்றர் நீளம் ஒரு மீற்றர் அகலத்துக்குக் கம்பும் பழைய கம்பி வலையும் வைத்துக் கூடு கட்டுங்கள். மாட்டின் வாய் உள்ளே போகக்கூடாது. புல் வளர்ந்து பூக்கும் நேரம் கூட்டுக்குள் இருப்பதை விரல் அளவு விட்டு அறுங்கள். வெயிலில் மொரமொரவென்று காயவைத்து நிறுங்கள். 100 கிராம் வந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ காய்ந்த புல் என்று அர்த்தம். அதில் பாதியை நிலத்துக்கு விட்டுவிட வேண்டும். வேர் பிழைக்கவும், மானுக்கும் மரைக்கும், மண் கழுவாமல் இருக்கவும். பாலைவனத்தில் பாதிகூட எடுக்க விடமாட்டார்கள். மிஞ்சுவது 200 கிலோ. 250 கிலோ எடையுள்ள எங்கள் நாட்டு மாடு நாளுக்கு ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தின்னும், மாதத்துக்கு 190 கிலோ அளவில். ஆக ஓர் ஏக்கர், ஒரு மாடு, ஒரு மாதம். உங்கள் 70 மாடு நான்கு மாதம் நிற்க 280 ஏக்கர் வேண்டும். பற்றை மூடிய இடத்தில் 40 கிராம்தான் வருகிறதென்றால் 700 ஏக்கர்.

கணக்கு உங்களுக்கு எதிராகவும் வரலாம். வந்தால் மாட்டைக் குறைக்க வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. பால் தராத, சினை பிடிக்காத மாடு பட்டியில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கைதான் மானம் என்று நினைத்த காலம் உங்கள் அப்பாவோடு போகட்டும்.

கூட்டுக்கு வெளியே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையும் மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்து வையுங்கள். உங்கள் பகுதிக் கால்நடைப் போதனாசிரியரையும் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதிகாரி வரும்போது வாயால் வாதாடுவதைவிடக் கூட்டைக் காட்டுவது மேல்.

மாதங்களைத் தெரிவதில் யானையின் நாட்காட்டியைப் பாருங்கள். மார்கழி மழையில் எங்கும் தண்ணீர், எங்கும் இலை. யானை பரந்து நிற்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் அப்படியில்லை. குளம் வற்ற வற்ற, குளத்தடியில் புதுப்புல் முளைக்கிறது. மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய் என்று யானைக் கூட்டம் அந்தப் புல்லைத் தேடித்தான் நடக்கிறது. குட்டியோடு நிற்கும் பெண்யானைக்கு அந்த மாதங்களில் அதைவிட்டால் நல்ல தீனி குறைவு. முன்னங்கால் நகத்தால் புல்லை உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைக்கும். மாடு முன்னாலே போய் அடியோடு கடித்துவிட்ட இடத்தில் யானைக்குச் சுருட்டப் புல் இருக்காது. வயிறு காய்ந்த யானை எங்கே வரும்? உங்கள் ஊருக்குள்தான், நெல் மூட்டை வைத்த வீட்டுக்கு. ஆகவே ஆடி முதல் புரட்டாதி வரை குளத்தடிக்கு மாடு கொண்டுபோகமாட்டோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்குப் பதிலாகக் கார்த்திகை முதல் மாசி வரை பற்றைக்காட்டுத் துண்டைக் கேளுங்கள். ஆமைக்காக வசந்தத்தை விட்டுக்கொடுத்த பாலைவனக்காரன் செய்ததும் இதுதான்.

விட்டுக்கொடுத்த மாதங்களுக்குத் தீனி? வைக்கோல் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் நெருப்பு வைக்கிறோமே, அதே வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் போகாமல் மூடுங்கள். எட்டு, ஒன்பது நாளில் மஞ்சள் கறுத்து, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இருக்கும். எடுத்து ஆறவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாத் தண்ணீர் மிஞ்சிய வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள், குடித்தால் அன்றைக்கே சாகும். குழாய்க்கிணறு இருந்தால் அரை ஏக்கரில் கோ-3 என்ற தீவனப் புல்லும் போடுங்கள், கறவை மாட்டுக்காவது உதவும்.

காட்டோரம் கொண்டுபோக முன்னர் கால்வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும். காதுத் தோடும் முக்கியம். தோடு இல்லாத மாடு யாருடையது என்றே சொல்லமுடியாது, எண்ணிக்கை ஒப்பந்தமும் அதோடு போச்சு. புதிதாக வாங்கிய மாட்டையோ ஆட்டையோ மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பார்க்காமல் பட்டியில் சேர்க்காதீர்கள். 40 வருஷமாக இலங்கையில் இல்லாத மாட்டுக் கொள்ளைநோய் 1987இல் இந்தியப் படையின் உணவுக்காக வந்த ஆடுகளோடு வந்து வடகிழக்கு மாடுகளை வாரிக்கொண்டு போனது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது. நோய் வரும் வழி ஒழியவில்லை. காட்டெருமைக்கும் மானுக்கும் யாரும் ஊசி போடுவதில்லை.

உப்புக்கட்டி விஷயத்தில் அமெரிக்கப் புத்தகத்தைப் பின்பற்றாதீர்கள். அங்கே தண்ணீரிலிருந்து கால் மைல் தள்ளி உப்பு வைக்கச் சொல்வார்கள், மாடு ஒரே இடத்தில் குவியாமல் பரவுவதற்கு. நல்ல யோசனைதான், அங்கே யானை இல்லை. இங்கே காட்டோரம் உப்பு வைத்தால் இரவில் யார் நக்க வருவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உப்பைப் பகலில் பட்டியில் கொடுத்து, மாலையில் எடுத்து வையுங்கள்.

தண்ணீர்க் குழிக்கு மட்டும் அவர்களைப் பின்பற்றலாம். அங்கே மாட்டுத் தொட்டிக்குள் விழும் சின்னப் பிராணி ஏறிவர ஒரு சரிவுப் பலகை வைப்பார்கள். எங்கள் பக்கம் விழுவது யானைக்குட்டி. கட்டு இல்லாத பழைய கிணற்றில் எத்தனை விழுந்திருக்கிறது என்று பேப்பரில் பார்க்கிறீர்கள்தானே. அனுமதி எடுத்து வெட்டுங்கள், வெட்டினால் ஒரு பக்கத்தை நீளமாகச் சரித்து வெட்டுங்கள். சரிவு மாட்டுக்கும் நல்லது, சேற்றில் புதையாது.

சிறுத்தைக்கு மருந்து கன்றை இரவில் உள்பட்டியில் அடைப்பதுதான். முள்வேலியை ஆள் உயரத்துக்கு நெருக்கிக் கட்டுங்கள், கன்றை நடுவில், தாய் மாடுகளைச் சுற்றி விடுங்கள், ஈனும் மாட்டைக் காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். செத்த கன்றில் நஞ்சு தடவி வைக்கிற வேலையை யாராவது சொல்லித் தந்தால் காதில் போடாதீர்கள். அது சிறுத்தையோடு நிற்காது, நரி, நாய், பருந்து என்று போகும், பிறகு உங்கள் சங்கம் முழுவதும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதோடு மேய்ச்சல் துண்டுப் பேச்சும் முடிந்துவிடும். கன்று போனால் படம் எடுத்து, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்.

பெரும்போகக் கூட்டம் அனேகமாகப் புரட்டாதி, ஐப்பசியில் வரும். கூட்டைக் கட்டி நிறுக்க ஒரு மழைக்காலம் வேண்டும் என்பதால் இந்த வருஷம் முழுக் கணக்கோடு போகமுடியாது. இந்த முறை வரைபடம், தோடு போட்ட மாட்டின் பட்டியல், குளத்தடிக்குப் போகமாட்டோம் என்ற கடிதம் மூன்றோடும் போய், குறிப்பில் ஒரு வரி ஏற்றுங்கள். புல்லை நிறுத்துப் பார்த்த கணக்கை அடுத்த கூட்டத்துக்கு வையுங்கள்.